கத்தரிக்காய் மீது விழுந்த பழி

பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று மூன்று நாளில் என்னைக் கேட்டவர்களை எண்ணி மாளாது. ரயிலில் எதிர் பெர்த்துக்காரர் கேட்டார். விழுப்புரம் ஜங்ஷனில் டிக்கெட் பரிசோதகர் கேட்டார். பஸ் கண்டக்டர் கேட்டதோடு நிற்காமல் விசிலும் ஊதினார். கறுப்புப் பெட்டி. உள்ளே ஸ்பாஞ்சில் குழி வெட்டி, சுண்டுவிரல் அளவில் எஃகுக் குப்பிகள் பன்னிரண்டு படுத்திருக்கும். பக்கத்தில் ஒரு லேப்டாப், நாலைந்து ஒயர். பார்க்கிறவர்களுக்குச் சந்தேகம் வருவதை நான் குறை சொல்ல மாட்டேன்.

அந்தக் குப்பி ஒவ்வொன்றும் ஒரு சென்சார். பத்து நொடிக்கு ஒருமுறை சூட்டை அளந்து தனக்குள்ளேயே பதிந்து வைத்துக்கொள்ளும். அறுவை சிகிச்சைக்கான கத்தி, கத்தரிக்கோல், துணி எல்லாவற்றையும் நீராவியில் அவித்துக் கிருமியைக் கொல்லும் ஆட்டோகிளேவ் என்ற இயந்திரம் ஆஸ்பத்திரிகளில் இருக்கிறதே, பெரிய பிரஷர் குக்கர் என்று வைத்துக்கொள்ளுங்கள், அதற்குள் துணி மடிப்புகளுக்கு நடுவே என் குப்பிகளைப் புதைத்து ஓட்டுவேன். பிறகு எடுத்து லேப்டாப்பில் இணைத்தால் மென்பொருள் பன்னிரண்டு கோடு வரைந்து காட்டும். பன்னிரண்டும் 121 டிகிரிக்கு ஏறி அரை மணி நேரம் அங்கேயே நின்றால் இயந்திரம் யோக்கியம். இதுதான் என் பிழைப்பு. கோயம்புத்தூரில் நாலு பேர் வேலை செய்யும் ஒரு சின்னக் கம்பெனி. முதலாளி போனில் பேசுவார், நான் ஊர் ஊராகப் போவேன்.

கரண்ட் எப்போது வரும் எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாமல் தமிழ்நாடே புழுங்கிக்கொண்டிருந்த வருடங்கள் அவை. விழுப்புரத்தில் கன்னியாஸ்திரிகள் நடத்தும் ஒரு சின்ன ஆஸ்பத்திரி, திண்டிவனத்தில் ஒரு தனியார் நர்சிங் ஹோம், இரண்டையும் முடித்துக்கொண்டு வா என்றார் முதலாளி.

விழுப்புரத்தில் இறங்கியபோது விடிந்திருந்தது. குளித்துத் துணி மாற்ற ஓர் அறை வேண்டும். ஸ்டேஷன் பக்கத்து லாட்ஜில் கேட்டேன்.

“கூட யாரு மேடம் வந்திருக்காங்க?”

“யாரும் இல்லீங்க. நான் மட்டும்தான்.”

“லேடீஸ் தனியா வந்தா ரூம் குடுக்கறதில்ல. ஓனர் ஆர்டர்.”

அடுத்த லாட்ஜில் இதே பதிலோடு கொசுறாக, வீட்டுக்காரர் நம்பரைக் கொடுத்தால் பேசிப் பார்க்கிறேன் என்றார்கள். எனக்கு நாற்பத்து நாலு வயது. பிரசவ அறை முதல் பிணவறை வரை ஒற்றை ஆளாகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நுழைந்தவள் நான். ஒரு வாளி வெந்நீருக்கு என் கணவர் சிபாரிசு செய்ய வேண்டுமாம். அதே லாட்ஜ் வராந்தாவில் கைலி கட்டிய நாலு ஆண்கள் காலை ஏழு மணிக்கே சீட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள். கூட யார் வந்தது என்று அவர்களை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

நேராக ஆட்டோ பிடித்துக் கன்னியாஸ்திரிகளின் ஆஸ்பத்திரிக்கே போய்விட்டேன். ஆபரேஷன் தியேட்டரைப் பார்த்துக்கொள்ளும் சிஸ்டர் லூர்து என்னைவிடப் பத்து வயது சின்னவர். என் முகத்தைப் பார்த்ததுமே பாத்ரூமைக் காட்டினார். குளித்து வந்தால் கேப்பைக் கூழ், மோர் மிளகாய், சின்ன வெங்காயம். எங்கள் ஊரில் ராகி என்போம், சர்க்கரைக்காரர்களுக்கான மருந்து மாதிரி முகம் சுளித்துக்கொண்டு குடிப்போம். இங்கே இரண்டாவது செம்பை நானே கேட்டு வாங்கினேன்.

அவர்களுடைய ஆட்டோகிளேவைப் பார்த்ததும் மனசுக்குள் பெயில் போட்டுவிட்டேன். பெயின்ட் உரிந்து, பித்தளை மீட்டர் மங்கி, கதவுத் திருகு ஒன்றில் சணல் சுற்றியிருந்தது. துணி அடைக்கும் எஃகு டிரம்களுக்குள் குப்பிகளைப் புதைத்துவிட்டு ஓட்டச் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் பின்பக்கத்திலிருந்து புஸ் புஸ் என்று சத்தம். ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தேன். இயந்திரத்தின் அடியிலிருந்து ஒரு குழாய் சுவரைத் துளைத்து வெளியே போய், வாழைக் கன்றுகள் பக்கத்தில் காற்றையும் தண்ணீரையும் துப்பிக்கொண்டிருந்தது.

“அத மட்டும் யாரையும் தொட வுட மாட்டேன் மேடம்,” என்றார் சிஸ்டர். “உள்ள இருக்கற காத்து அது வழியா வெளிய போனாத்தான் ஆவி கீழ வரைக்கும் எறங்கும். ஒருவாட்டி வாழ எல அந்த ஓட்டையில ஒட்டிக்கிச்சி, டிரம்மெல்லாம் ஈரமா வந்துச்சி. அன்னிலேர்ந்து தெனம் காலைல போயி பாத்துட்டுதான் ஸ்விட்ச் போடுவேன்.”

லேப்டாப்பில் பன்னிரண்டு கோடுகளும் ஒரே கயிறாக முறுக்கிக்கொண்டு ஏறி, 121-இல் படுத்துக்கொண்டன. புது இயந்திரங்களில்கூட இப்படி ஒரு படம் எனக்கு அபூர்வமாகத்தான் கிடைத்திருக்கிறது. சிஸ்டருக்குக் காட்டினேன். சந்தோஷப்பட்டார், ஆனால் ஆச்சரியப்படவில்லை. அன்றைக்கு அங்கேயே விருந்தினர் அறையில் தங்கச் சொன்னார். என் கணவரைப் பற்றி யாரும் விசாரிக்கவில்லை.

மறுநாள் காலை திண்டிவனம் பஸ். பெட்டியை மடியில் வைத்திருந்தேன். கண்டக்டருக்கு அது பிடிக்கவில்லை.

“இன்னா மேடம் பொட்டில?”

“ஆஸ்பத்திரி சாமானுங்க.”

“தொறங்க பாக்கலாம்.”

திறந்தேன். வரிசையாக எஃகுக் குப்பிகள், ஒயர்கள். அவர் விசிலை ஊதினார். பஸ் நின்றது. முன்சீட்டில் இருந்த இரண்டு பேர் இறங்கியே போய்விட்டார்கள். நான் விளக்கினேன். சூடு அளக்கும் கருவி என்றேன். அப்படியானால் வெடிக்குமா என்று ஒருவர் கேட்டார். கடைசியில் என்னைக் காப்பாற்றியது, மரக்காணத்திலிருந்து மீன் கொண்டுவந்து விற்றுவிட்டுக் காலிக் கூடையோடு திரும்பிக்கொண்டிருந்த ஒரு பெண்.

“அந்தம்மா ஆஸ்பத்திரி சாமான்னு சொல்லுதில்ல? குண்டு வெக்கறவங்க டிக்கெட்டு வாங்கிக்கினு, சில்லறைய எண்ணிப் பாத்துக்கினா ஒக்காந்திருப்பாங்க? ஜல்தி எடு வண்டிய. மரக்காணம் பஸ்ஸ வுட்டுட்டா எனுக்கு பேஜாரு.”

கண்டக்டர் மறுபடி விசில் ஊதினார். பஸ் கிளம்பியது. மல்லாட்டை, மல்லாட்டை என்று வேகவைத்த நிலக்கடலை விற்றுக்கொண்டு வந்தவரிடம் நான் இரண்டு பொட்டலம் வாங்கி, ஒன்றை அந்தப் பெண்ணிடம் நீட்டினேன். எனக்கு என்ன நன்றிக்கடனா என்று கேட்டுவிட்டு வாங்கிக்கொண்டார்.

கண்டக்டர் தன் மரியாதையை வேறு விதத்தில் மீட்டுக்கொண்டார். வண்டி ஊருக்குள் போகாது என்று சொல்லி என்னை பைபாஸில் இறக்கிவிட்டார். டிக்கெட்டில் திண்டிவனம் என்று அச்சடித்திருக்கிறதே என்று கேட்டேன். இதுவும் திண்டிவனம்தான் என்றார். கொதிக்கிற தார் ரோட்டோரம் பெட்டியை இழுத்துக்கொண்டு நடந்தேன்.

நர்சிங் ஹோம் மூன்று மாடி. முகப்பெல்லாம் கண்ணாடி. உள்ளே போனதும் மேனேஜர் எனக்கு இளநீர் வரவழைத்தார். கோயம்புத்தூரில் இப்படி உபசாரம் செய்தால் அடுத்து ஏதோ ஒரு தப்புக் காரியம் கேட்கப் போகிறார்கள் என்று அர்த்தம். இங்கேயும் அப்படித்தான்.

“சிசேரியன் கேஸ் மூணு பேருக்குத் தையல் சீழ் புடிச்சிடுச்சி மேடம். பெரிய டாக்டர் ரொம்ப டென்ஷனா இருக்காரு. மெஷின்ல ஒரு கொறையும் இல்லன்னு நீங்க எழுதிக் குடுத்துட்டா, மத்தத நாங்க பாத்துக்கறோம்.”

மத்தது என்ன என்று கேட்டேன். அவர் ஒளிக்கவே இல்லை. பைலைத் திறந்து, தட்டச்சு செய்து தயாராக வைத்திருந்த ஒரு கடிதத்தைக் காட்டினார். ‘என்னுடைய கவனக்குறைவால் துணிகள் சரியாகச் சுத்திகரிக்கப்படாமல் போனதை ஒப்புக்கொண்டு, வேலையிலிருந்து விலகிக்கொள்கிறேன்.’ கீழே பெயர் செல்வமேரி, ஆட்டோகிளேவ் ஆபரேட்டர். கையெழுத்துக்கு இடம் காலியாக இருந்தது. என் சான்றிதழ் வந்ததும் இதில் கையெழுத்து வாங்கிவிடுவார்களாம். இயந்திரம் சரி என்றால் ஆள் சரியில்லை என்று ஆகிவிடுகிறது அல்லவா? நான் இன்னும் பெட்டியைக்கூடத் திறக்கவில்லை, தீர்ப்பு தட்டச்சாகியிருந்தது. இளநீரைப் பாதியிலேயே மேஜை மேல் வைத்துவிட்டேன்.

செல்வமேரிக்கு நாற்பது வயதிருக்கும். வானூர் பக்கத்து கிராமம். இரண்டு பஸ் மாறி வருகிறவர். பதினோரு வருடமாக இந்த ஒரே அறையில் துணி அவிக்கிறார். என்னிடம் முதலில் பேசவே இல்லை. குப்பிகளை டிரம்களுக்குள் எங்கெங்கே வைக்க வேண்டும் என்று சொன்னபோது மட்டும் வாயைத் திறந்தார்.

“கீழ்த் தட்டுலயும் வெப்பீங்களா மேடம்?”

“எல்லாத் தட்டுலயும்தான் வைப்பேன். ஏனுங்க?”

“கீழ்த் தட்டு துணிதான் ஈரமா வருது. மூணு மாசமா சொல்லிக்கினே இருக்கறேன். ஃபேனுக்கு அடியில வெச்சி காய வெச்சிக்கோன்னுட்டாங்க.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கிருமி கொன்ற துணியை மூடியைத் திறந்து ஃபேனுக்கடியில் காய வைப்பது என்றால், குளித்துவிட்டு வந்து சேற்றில் புரள்வது போல. யார் அப்படிச் சொன்னது என்று கேட்டேன். செல்வமேரி வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, அடுத்த டிரம்மை இழுத்து என் முன்னால் வைத்தார்.

இயந்திரம் புதுசு. முன்பக்கம் பச்சை எழுத்தில் சூடு ஒளிர்ந்துகொண்டே ஏறியது. 121 காட்டியது. பத்தாவது நிமிடம் கரண்ட் போனது. ஜெனரேட்டர் இல்லையா என்றேன். இருக்கிறதாம். தியேட்டருக்கும் பெரிய டாக்டர் அறை ஏசிக்கும் மட்டும் கனெக்‌ஷன். கத்தி பிடிப்பதற்கு விளக்கு உண்டு, அந்தக் கத்தியை அவிப்பதற்குக் கரண்ட் கிடையாது. இந்த ஏற்பாட்டைச் செய்த மூளையை ஒருமுறை நேரில் பார்க்க ஆசைப்பட்டேன்.

கரண்ட் வரும்வரை சாப்பிட்டு வரலாம் என்று எதிரே இருந்த மெஸ்ஸுக்குப் போனேன். மெஸ்காரம்மா இலையில் கத்தரிக்காய்க் காரக்குழம்பு ஊற்றினார். நல்லெண்ணெய் மிதந்தது. எங்கள் ஊர்க் குழம்பில் தேங்காய் அரைத்து விட்டு ஆளை மயக்குவார்கள், இது புளியும் மிளகாயுமாக நேருக்கு நேர் சண்டைக்கு வந்தது. பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மாள் கையை விரித்துத் தடுத்தார்.

“எனுக்கு அந்தக் கத்தரிக்கா வேணாம். அத்தப் பாத்தாலே வயிறு எரியுது.”

“ஏம்மா, இன்னாச்சி?” என்றார் மெஸ்காரம்மா.

“எம் மருமவ சுமதி எதுத்தாப்ல ஆஸ்பத்திரிலதான் கெடக்கறா. ஆப்பரேசன் பண்ண ஒடம்பு. அவ அம்மா கத்தரிக்கா கொழம்பு வெச்சி எடுத்தாந்துச்சி, இவளும் நாக்க அடக்காம தின்னுட்டா. தையலெல்லாம் சீழ் புடிச்சிக்கிச்சி. பன்னண்டு நாளாவுது. கொழந்தைக்குப் பால் குடுக்க ஒக்கார முடியல. நர்ஸம்மாவே கேட்டாங்க, கத்தரிக்கா எதுனா தின்னியான்னு. நானு அந்தச் சம்பந்திய வார்டு வாசல்ல நிக்க வெச்சி கேட்டுட்டேன், என் வூட்டு மருமவள கொல்லத்தான் கொழம்பு வெச்சியான்னு. அதோட அது வரதில்ல.”

என் பிரசவத்தின்போதும் என் அம்மா கத்தரிக்காயை வீட்டுக்குள் விடவில்லை. கரப்பான் பண்டம், சீழ் வைக்கும் என்பார். அதனால் எனக்கும் அப்போது ஒன்றும் தோன்றவில்லை. இன்னொரு கரண்டி குழம்பு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு எழுந்து வந்தேன். இப்போது நினைத்தால் அந்த இலை முன்னால் உட்கார்ந்திருந்த என் மேலேயே எனக்குக் கோபம் வருகிறது.

மூன்று மணிக்குக் கரண்ட் வந்தது. முழுச் சுற்றும் ஓட்டி முடித்து, சூடு ஆறக் காத்திருந்து, குப்பிகளை எடுத்து லேப்டாப்பில் இணைத்தேன். மேனேஜரும் வந்து என் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டார். மேல் தட்டில் வைத்த ஆறு கோடுகள் ஒழுங்காக 121-இல் நின்றன. கீழ்த் தட்டுக் கோடுகள் ஆறும் தனித்தனியாகப் பிரிந்து தொங்கின. ஒன்று 110. ஒன்று 104. டிரம்முக்கு நடுவில், துணிக் கட்டின் வயிற்றில் புதைத்த குப்பி 96-ஐத் தாண்டவே இல்லை. கொதிக்கிற தண்ணீரின் சூடுகூட அங்கே எட்டவில்லை.

“ஆனா பேனல்ல 121 காட்டிச்சே?” என்றார் மேனேஜர்.

பேனலுக்கான சென்சார் இயந்திரத்தின் வெளிச்சுவரில் இருக்கிறது, அது சுவரின் சூட்டைச் சொல்கிறது, துணியின் சூட்டை அல்ல என்று விளக்கினேன். உள்ளே காற்று மாட்டிக்கொண்டிருக்கிறது, காற்று இருக்கிற இடத்துக்கு ஆவி வராது என்றேன். செல்வமேரி மூலையில் நின்றபடி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். மேனேஜர் கொஞ்சம் யோசித்தார். பிறகு என்னிடம் குனிந்து, மிகவும் மரியாதையாக ஒன்று சொன்னார்.

“மேல இருக்கற ஆறு கோடு நல்லாத்தான மேடம் இருக்குது. அத மட்டும் பிரின்ட் போட்டுடுங்களேன்.”

நான் பதில் சொல்வதற்குள் அவர் என் முதலாளிக்கே போன் போட்டு, என் கையில் கொடுத்தார். இரண்டு பேரும் ஏற்கனவே பேசியிருக்கிறார்கள் என்பது முதல் வார்த்தையிலேயே தெரிந்தது.

“ஏன் அம்மணி, ஆறு போதுமுங்கறாங்களே. கஸ்டமரைச் சங்கடப்படுத்தாம முடிச்சுட்டு வாயேன்.”

“பன்னெண்டு குப்பி வெச்சேனுங்க. பன்னெண்டுக்கும் கையெழுத்துப் போட்டாச்சு. சாப்ட்வேர் பூட்டிருச்சு. இனி யார் மாத்துனாலும் பேரும் நேரமும் அதுல விழுந்துரும். உங்க பேரு விழட்டுமுங்களா?”

உண்மையைச் சொல்கிறேன், அப்போது நான் கையெழுத்துப் போட்டிருக்கவில்லை. போனை வைத்த பிறகுதான் லேப்டாப்பில் என் பாஸ்வேர்டை அடித்துப் போட்டேன். மூன்று பெண்களுடைய வயிற்றுத் தையலும் ஒருத்தியின் பதினோரு வருட வேலையும் இவர்களுக்குப் பிரின்ட் போடுகிற விஷயமாகத் தெரிகிறதே என்ற ஆத்திரத்தில்.

காற்று ஏன் வெளியே போகவில்லை? விழுப்புரத்து வாழைக் கன்று நினைவுக்கு வந்தது. இந்த இயந்திரத்தின் அடிக் குழாய் எங்கே போகிறது என்று செல்வமேரியைக் கேட்டேன்.

“பின்னாடி சந்துக்குப் போவுது மேடம். முன்னெல்லாம் புஸ்ஸு புஸ்ஸுன்னு சத்தம் வரும். இப்ப வரதில்ல. மெஷின்ல புதுசா எதுனா மாத்திட்டாங்க போலன்னு நெனச்சிக்கினேன்.”

சந்துக்கு வெளிக்கேட்டைச் சுற்றிப் போக வேண்டும். போனோம். சுவரை ஒட்டி ஒரு வெள்ளைக் கார் நின்றது, இன்னும் சீட்டு மேல் பாலித்தீன் உரிக்காத புதுக் கார். அதற்கு நேராக, முழங்கால் உயரத்தில் குழாய் சுவரைவிட்டு வெளியே வந்திருந்தது. அதன் வாயில் எண்ட் கேப் என்கிற மூடியைத் திருகி, வெள்ளை டேப் சுற்றி, அழுத்தமாக அடைத்திருந்தார்கள். நானும் செல்வமேரியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

வாட்ச்மேன் தானாகவே வந்து சொன்னார். “டாக்டர் கார் வாங்கின புதுசுல, கதவு மேல துருத் தண்ணி அடிச்சி கறையாயிடுச்சிங்க. மேனேஜர் சார் ஞாயித்துக்கெழம பிளம்பர இட்டாந்து அடச்சிட்டாரு.”

“ஞாயித்துக்கெழமன்னா நானு கோயிலுக்குப் போயிட்டிருப்பேன்,” என்றார் செல்வமேரி. பிறகு அங்கேயே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

காரை நாலடி தள்ளி நிறுத்தியிருக்கலாம். குழாயில் ஒரு முழங்கை இணைப்புப் போட்டுத் தரையைப் பார்க்கத் திருப்பியிருக்கலாம். சுத்தமாகத் தெரியாவிட்டால் பதினோரு வருடம் அங்கே வேலை செய்கிறவளை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஒன்றும் செய்யாமல் மூச்சு விடுகிற மூக்கை அடைத்துவிட்டு, துணி ஈரம் என்று சொன்னவளை ஃபேனுக்கடியில் காய வை என்று அனுப்பியிருக்கிறார்கள். அன்றைக்கு இரவு காலியாக இருந்த ஒரு வார்டு அறையில் எனக்குக் கட்டில் கொடுத்தார்கள். கோபத்தில் தூக்கம் பிடிக்கவில்லை.

மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு இரண்டு ஆபரேஷன் இருந்தது. அதற்குள் இன்னொரு முறை ஓட்டிப் பார்த்துவிட வேண்டும். எட்டு மணிக்கே சந்துக்குப் போனோம். பெரிய டாக்டர் முன்னதாக வந்திருந்தார், கார் வழக்கமான இடத்தில் நின்றது. டிரைவர் சாவியோடு டீ குடிக்கப் போயிருந்தார். வாட்ச்மேனைத் தேடச் சொல்லி அனுப்பினேன். பத்து நிமிடம் பார்த்தேன். டிரைவர் வருவதாக இல்லை.

“காரு நிக்குதே மேடம்,” என்றார் செல்வமேரி.

“நிக்கட்டும்,” என்றேன்.

ஸ்பானரை என் கையிலிருந்து அவர் வாங்கிக்கொண்டார். இரண்டு சுற்று இறுக்கமாக இருந்தது, மூன்றாவது சுற்றில் எண்ட் கேப் கையோடு வந்தது. மூன்று மாதமாகத் தேங்கியிருந்த தண்ணீர் செங்காவி நிறத்தில் பீறிட்டு, வெள்ளைக் கதவு முழுக்க அடித்தது. நாங்கள் உள்ளே ஓடிப்போய், துணியும் குப்பிகளும் அடைத்துத் தயாராக வைத்திருந்த இயந்திரத்தின் ஸ்விட்சைப் போட்டோம். வெளியே புஸ் புஸ் என்று சத்தம் கேட்கத் தொடங்கியது. செல்வமேரி ஜன்னல் பக்கம் தலையைச் சாய்த்து அதைக் கேட்டுக்கொண்டே நின்றார்.

கரண்ட் அன்றைக்கு மட்டும் எங்கள் பக்கம் இருந்தது. குப்பிகளை எடுத்து இணைத்தேன். பன்னிரண்டு கோடுகளும் ஒன்றாக ஏறி, ஒன்றாக நின்றன. கீழ்த் தட்டு, மேல் தட்டு என்ற வித்தியாசமே இல்லை. துணிகளைத் தொட்டுப் பார்த்தார் செல்வமேரி, காய்ந்திருந்தன. அவர் முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு அழுதார்.

அப்போதுதான் பெரிய டாக்டர் வந்தார். அவர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை இது: “என் கார் மேல தண்ணி அடிச்சது யாரு?”

நான் இரண்டு படத்தையும் அவர் முன்னால் வைத்தேன். நேற்றையது, இன்றையது. ஒரு விஷயத்தை ஒத்துக்கொள்ள வேண்டும், மனிதர் படித்தவர், நான் வாயைத் திறக்கும் முன்பே புரிந்துகொண்டார். 96 என்ற எண்ணில் விரலை வைத்தவர் அதை எடுக்கவே இல்லை. முகம் வெளுத்தது. தியேட்டருக்குப் போன் செய்து, இன்றைய ஆபரேஷனைத் தள்ளிப் போடு, எல்லா டிரம்மையும் திரும்ப அவிக்க அனுப்பு என்றார். மேனேஜர் பக்கம் திரும்பினார். திட்டப் போகிறார் என்று ஆவலாக இருந்தேன். “உடனே காருக்கு வேற பக்கத்துல ஒரு ஷெட் போட ஏற்பாடு பண்ணுங்க,” என்றார்.

மேனேஜர் அந்தக் கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, செல்வமேரியிடம், “நீ போயி வேலையப் பாரு,” என்றார். பதினோரு வருட வேலையைத் திருப்பிக் கொடுத்தது அந்த ஒரு வரிதான். மன்னித்துக்கொள் என்று யாரும் சொல்லவில்லை. அந்த மூன்று பெண்களிடம் யார் சொல்வார்கள் என்று நான் டாக்டரைக் கேட்டேன். அதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றார். மத்ததைப் பார்த்துக்கொள்வதில் அந்த ஆஸ்பத்திரிக்கு நல்ல அனுபவம்.

மதியம் ரயிலுக்குக் கிளம்பும் முன் மெஸ்ஸுக்குப் போனேன். செல்வமேரியும் சாப்பாட்டு நேரத்தில் என்னோடு வந்தார். சுமதியின் மாமியார் நேற்றைய அதே இடத்தில் உட்கார்ந்து, குழம்பு வேண்டாம் என்று ரசம் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சோதனை முடிவைக் கஸ்டமரைத் தவிர யாரிடமும் பேசக்கூடாது என்பது எங்கள் கம்பெனி விதி. நேற்று அவர் சொன்னதைச் செல்வமேரியிடம் மெதுவாகச் சொன்னேன். அவர் விதியெல்லாம் கேட்கவில்லை. என் பையிலிருந்து நேற்றைய படத்தைத் தானே உருவிக்கொண்டு, எழுந்து போய் அந்த அம்மாள் எதிரில் நின்றார்.

“அம்மா, உங்க மருமவ ஆப்பரேசனுக்குத் துணி அவிச்சவ நான்தான். மெஷினு சரியா அவியல. கொழாய அடச்சி வெச்சிருந்தாங்க, எனுக்குத் தெரியல. அதனாலதான் சீழ் புடிச்சிது. அந்தப் பொண்ணு தின்னதுனால இல்ல.”

திட்டு விழும் என்று நான் எழுந்து நின்றேன். அந்த அம்மாள் சாப்பிட்ட கையைச் சேலையில் துடைத்துவிட்டுப் படத்தை வாங்கினார். கோடுகளை மேலிருந்து கீழே பார்த்தார்.

“இதுல சுமதியோடது எது?”

செல்வமேரி கடைசியாகத் தொங்கிக்கொண்டிருந்த கோட்டைக் காட்டினார். “இதா, இந்த மாரி ஒண்ணும்மா.”

“அப்ப கத்தரிக்கா?”

“கத்தரிக்கா ஒண்ணும் பண்ணலம்மா.”

அவர் படத்தை மடித்து இலைக்குப் பக்கத்தில் வைத்தார். பிறகு இடுப்புச் சுருக்குப் பையிலிருந்து ஒரு செல்போனை எடுத்து என்னிடம் நீட்டினார். பன்னிரண்டு நாள் கோபத்தில் காய்ந்திருந்த கண் அப்போதுதான் அவருக்குக் கலங்கியது போல இருந்தது.

“எனுக்கு எழுத்து தெரியாதும்மா. அதுல சம்பந்தின்னு இருக்கும், போட்டுக் குடு.”

போட்டுக் கொடுத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கடைசி மணியில் எடுத்தார்கள்.

“சம்பந்தி, நான்தான். வெச்சிடாத. சுமதி நல்லாருக்கா. நாளைக்கு அவளப் பாக்க வா. வரும்போது கத்தரிக்கா கொழம்பு வெச்சி எடுத்துக்கினு வா.”